பெரியம்மா பிளேனில் பெற்ற மூன்று பிள்ளைகள்

போன டிசம்பரில் எங்கள் பெரியம்மா மகள் தலைப்பிரசவத்துக்காக டுபாயிலிருந்து வீட்டுக்கு வந்தாங்க. அப்போது 30 வாரம். டிக்கெட் போட்ட பிறகுதான் ஏர்லைன் டாக்டர் கடிதம் கேட்கும் என்றே அக்காவுக்குத் தெரிந்தது. கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாங்க. வீட்டில் கம்பஸ் போகிறது நாங்கள் ரெண்டு பேர். கலைப்பீடம் என்றாலும் எங்களுக்கு வைத்தியமும் தெரியும் என்பது பெரியம்மாவின் நம்பிக்கை.

வாசித்துச் சொன்னோம். எத்தனை வாரம், பிரசவத் தேதி எப்போது, ஒற்றைப் பிள்ளை, சிக்கல் இல்லை, பறக்கலாம். அவ்வளவுதான். பெரும்பாலான ஏர்லைன்கள் 28 வாரம் வரை எதுவும் கேட்பதில்லை, அதற்குப் பிறகு கடிதம் வேண்டும், 36 வாரம் தாண்டினால் ஏற்றமாட்டார்கள். இரட்டைப் பிள்ளை என்றால் பல இடங்களில் 32 வாரம்தான்.

பெரியம்மாவுக்குப் பயம் வேறு. "அவ்ளோ ஒசரத்துல புள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

தேடிப் பார்த்தோம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஊரில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்குக் கொஞ்சம் மேலே. "பிளேனுக்குள்ள நம்ம நுவரெலியா மாதிரிதான் பெரியம்மா" என்றோம்.

"அப்ப நான் மூணு புள்ளயையும் பிளேனுலயா பெத்தேன்?"

சிரித்து முடித்த பிறகுதான் யோசனை வந்தது. சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு அந்த உயரம் பெரிய பிரச்சினை இல்லை. நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டலாம், அதனால் இடைக்கிடை எழும்பி நடக்கணும், தண்ணீர் குடிக்கணும், பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போடணும். 36 வாரக் கணக்குக்கு முக்கியமான காரணம், வலி வந்தால் நடுவானில் லேபர் ரூம் இல்லை என்பது. ஆஸ்பத்திரி தூரம், அதனால் கடிதம்.

அதே டிசம்பரில் பக்கத்து லயத்து மதினிக்கும் ஏழு மாதம். அவங்க அதே உயரத்தில், கூடையோடு சரிவில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாங்க. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர். மிட்வைஃப் அம்மா கிளினிக் கார்டில் நிறை, பிரஷர் எல்லாம் ஒழுங்காக எழுதுவாங்க, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மலையில் ஏறலாமா என்று எழுதித் தரச்சொல்லி மதினியிடம் யாரும் கேட்கவில்லை. வலி வந்த ராத்திரி த்ரீவீல் கோயில் வளைவு வரைக்கும்தான் வந்தது. அங்கே வரை கம்பளியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். பிள்ளை சுகம்.

எங்கள் லயங்களிலிருந்து இதற்கு முன் பிளேன் ஏறிய பெண்கள் வீட்டு வேலைக்குப் போனவர்கள். வளைகுடாவுக்குப் போக எடுக்கும் மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் என்றால் பயணம் இல்லை, 28 வாரமெல்லாம் அங்கே பேச்சே கிடையாது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றும் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்த தாய்க்கு அப்போது அதில் அனுமதி கிடைக்கவில்லை. தகப்பனுக்கு அப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. அக்காவின் கடிதத்தை நாங்கள் அவ்வளவு ஆசையாக வாசித்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கர்ப்பிணியாக இருக்கும் ஒருத்தியைப் "போகலாம்" என்று சொன்ன கடிதத்தை நாங்கள் பார்த்தது அதுதான் முதல்தடவை.

கட்டுநாயக்கவில் இறங்கி, ஹட்டன் வழியாக வேனில் வந்தாங்க. நாங்கள் தோட்டத்துச் சந்தியில் காத்திருந்து ஏறிக்கொண்டோம். பாதை முழுக்கக் கல். அக்கா ஒரு கையால் சீட்டையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க.

"பிளேன் ஒன்னும் பண்ணல" என்றாங்க. "இந்த நாலு கிலோமீட்டருக்கு எவன்கிட்டடா கடிதம் வாங்குறது?"