நுங்கம்பாக்கத்தில் கண்ட சிறுகோள்கள்

அக்டோபர் 7

மேகம் விலகியதும் பைனாகுலரோடு மொட்டைமாடிக்குப் போனேன். வெஸ்டா சிறுகோள் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு மங்கலான புள்ளிகள். எது விண்மீன், எது சிறுகோள்? பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அத்தனையையும் நோட்டில் வரைந்துகொண்டேன்.

அக்டோபர் 8

ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது. அதுதான் வெஸ்டா!

எங்கே தேடுவதென்று எனக்குச் செல்போன் சொல்லிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே நுங்கம்பாக்கத்தில் சிறுகோள்களைத் தேடிய வானியலாளர் நார்மன் போக்சனுக்குச் சொல்ல யாருமில்லை. விண்மீன்களின் ஒளியைக் கண்ணாலேயே மதிப்பிட்டுப் பழகியவர் அவர். ஒளியளவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு என்று 1856இல் அவர் வகுத்த கணக்கைத்தான் வானியல் இன்றும் பின்பற்றுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் மூன்று சிறுகோள்களைக் கண்டபின், 1861இல் சென்னை வானாய்வகப் பொறுப்பேற்றார். அந்த ஏப்ரல் 17 அன்றே நுங்கம்பாக்கத்திலிருந்து இன்னொன்று. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர். பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா. 1885இல் வேரா.

அக்டோபர் 10

இன்று மனம் முழுக்க போக்சனின் மகள்தான். எலிசபெத் ஐசிஸ் போக்சன். அப்பா கண்ட முதல் சிறுகோளின் பெயரும் ஐசிஸ். 1873 முதல் சென்னையில் அப்பாவுக்கு உதவியாளராக வேலை பார்த்தார். லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினராக்க 1886இல் அப்பா முன்மொழிந்தார். விதிகள் ஆண்களைத்தான் குறிக்கின்றன என்று அது நின்றுபோனது. உறுப்பினரானது 1920இல்! முப்பத்து நான்கு ஆண்டு காக்க வைத்தது அநியாயம்.

அக்டோபர் 13

போக்சன் 1891 ஜூனில் சென்னையிலேயே காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப் புகைப்படத் தட்டில் ஒரு சிறுகோளைப் பிடித்தார். கண்ணால் தேடிய காலம் அத்தோடு முடியத் தொடங்கியது.

சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2001இலும் 2004இலும்தான் தெரிந்தது. போக்சனுக்கு அது வெறும் ஒளிப்புள்ளி. அந்தப் புள்ளியை ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே அடையாளம் கண்டாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வானாய்வகம் இருந்த இடத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்த 1792ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் அந்த வளாகத்தில் நிற்கிறது. சென்னை ஆசிரியர்களே, பிள்ளைகளைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போகும்போது, அனுமதி வாங்கி அந்தத் தூணையும் காட்டுங்கள். போக்சன் இங்கிருந்து கண்ட ஐந்து சிறுகோள்களின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.