நாலா, ஆறா?

செப்டம்பர் வந்துவிட்டது. எங்கள் தெருமுனை அங்கன்வாடியில் ஊட்டச்சத்து மாதம் என்று வாசலில் கோலம் போட்டு, வாழையிலையில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பப்பாளி, முட்டை எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். 2018இல் இருந்து வருடா வருடம் நடக்கிறது. நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது நின்று பார்த்தேன். ஒரு பழைய கோப்பு ஞாபகத்துக்கு வந்தது.

2002ஆம் வருடம். அப்போது நான் யூ.டி.சி. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மாடியில் ஒரு கூட்டம் நடக்கும். ரேஷன், அங்கன்வாடி, பள்ளி மதிய உணவு, சுகாதாரம் என்று சாப்பாட்டோடு சம்பந்தப்பட்ட எல்லோரும் வருவார்கள். நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1930லேயே வந்துவிட்டது. அங்கன்வாடித் திட்டம் 1975இல் வந்தது. ஆளுக்கொரு காலத்தில் பிறந்த திட்டங்கள், ஆளுக்கொரு பேச்சு. எதைச் சாப்பிட வேண்டும் என்று ஜனங்களிடம் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும், அதற்குத்தான் கூட்டம்.

நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. நான் பிரெஞ்சில் படித்தவன். ப்ரொசே வெர்பால் என்றால் யார் என்ன சொன்னார் என்று வரி வரியாக எழுத வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் தடவை அப்படி எழுதிக் கொண்டுபோனேன். மேலதிகாரி சிரித்தார். "இதெல்லாம் எதுக்கு? ஒருங்கிணைந்து செயல்பட முடிவு செய்யப்பட்டதுன்னு போடுங்க, போதும்." அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியத்தைத்தான் தேதி மாற்றிப் போட்டேன்.

அப்போது ஊருக்குள் எல்லா வீட்டுக்காரரும் வந்து நின்ற ஒரே இடம் ரேஷன் கடை. அயோடின் உப்பு வாங்குங்கள், மூடி வையுங்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள் என்று அங்கே ஒரு தாள் ஒட்டலாமே என்று ஒருவர் கேட்டார். "எடை சரியாப் போடறதே பெரும்பாடு" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒரு கூட்டத்துக்கு ஓர் அங்கன்வாடி டீச்சரையும் அழைத்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் இருந்தவர் எழுந்து இரண்டு அட்டைகளைக் காட்டினார். இரண்டிலும் அரசு முத்திரை இருந்தது. ஒன்றில் குழந்தைக்கு நாலு மாதத்தில் கூழ் ஆரம்பியுங்கள் என்று இருந்தது. மற்றதில் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று இருந்தது.

"ரெண்டும் ஒரே வீட்டுக்குப் போகுது சார். நாங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னா, அவங்க மாமியார் சொல்றதைத்தான் கேக்கறாங்க."

இதில் யாரும் பொய் எழுதவில்லை. முன்பெல்லாம் நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2001 மே மாதம் உலக சுகாதார சபை ஆறு மாதம் என்று தீர்மானம் போட்டது. நம் நாட்டில் குழந்தை உணவு பற்றிய 1992ஆம் வருடச் சட்டத்திலும் நாலு என்றுதான் இருந்தது. அதை ஆறு என்று திருத்தியது 2003இல்தான். அட்டையோ பழைய அச்சு, கட்டுக் கட்டாகக் கிடங்கில் கிடந்தது. வீணாக்கினால் தணிக்கையில் கேள்வி வரும். 'கையிருப்பு தீரும்வரை பயன்படுத்தலாம்' என்று முடிவானது. அதைச் சுத்தமாக எழுதிக் கையெழுத்துக்கு வைத்தவன் நான்.

அந்தச் சமயத்தில் என் மகள் பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பேத்திக்கு நாலு மாதம் முடிந்தது. அங்கன்வாடியில் கொடுத்த அட்டையைப் பார்த்து என் மனைவி ராகிக் கூழ் காய்ச்சினாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். பொம்பளைகள் விஷயம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரே வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கூழால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. எந்தத் தண்ணீர், எந்தக் கிண்ணம், இப்பவே எதுக்கும்மா கூழ் என்று மட்டும் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். "அட்டையில போட்டிருந்துச்சே அப்பா, உங்க கவர்மென்ட் அட்டைதானே?"

அந்தக் குறிப்பின் நகல் அப்போது என் பையில்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னதே நான் ரிட்டயர் ஆன பிறகுதான்.

பிறகு செய்ததை எந்தக் கோப்பிலும் தேட முடியாது. 'ஆறு' என்று சின்னச் சின்னத் துண்டாக டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்தேன். கிடங்குக்காரரை டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினேன். அந்த டீச்சரும், எங்கள் பியூனும், நானும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, பசை தடவி 'நான்கு' மேல் ஒட்டினோம். உத்தரவு இல்லாமல் அரசாங்கத் தாளைத் திருத்தியது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான். ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல ஒருங்கிணைந்து செயல்பட முடிவு செய்யப்பட்டது.

இன்று அந்தத் தெருமுனைச் சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று அங்கன்வாடியுடையது, இன்னொன்று சுகாதாரத் துறையுடையது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தேன். இரண்டிலும் ஆறு.

பேத்தி காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறாள். ராகி என்றால் மட்டும் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பாள்.