தீர்மான நோட்டு

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இரண்டு வருடம் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக இருந்தேன். வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். 2022-இல் நான் தலைவருக்கு நின்றபோது மகள் ஏழாம் வகுப்பு.

அதற்கு முன்பும் பள்ளியில் குழு இருந்தது. 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஆனால் எங்கள் ஊரில் யார் உறுப்பினர் என்று கேட்டால் உறுப்பினருக்கே தெரியாது. நோட்டு வீடு தேடி வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். நானும் ஒருமுறை போட்டேன். மேலே ஒன்றும் எழுதாத பக்கம், அடியில் என் பெயர். அந்த வெறும் பக்கம் ரொம்ப நாள் என்னை உறுத்தியது. நான் நின்றதற்குக் காரணம் அதுதான்.

2022-இல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு பெண். ஒரு வாரம் வீடு வீடாகப் போனேன். எனக்குக் கை தூக்குங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. "அன்னிக்கு அரைநாள் வேலையை விட்டுட்டு வந்துருங்க" என்றுதான் கேட்டேன். கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் அதுவே பெரிய கேள்வி. இன்னொரு அக்காவும் நின்றார். கைகளை எண்ணியபோது எனக்கு 34, அவருக்கு 27. உறுப்பினராகத் தேர்வாகியும், இனிமேல் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று அவர் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவரை நம்பிக் கை தூக்கிய 27 பேர் மனதில் இருப்பதை என்னிடம் சொல்லமாட்டார்கள், அவரிடம்தான் சொல்வார்கள். வந்தார். இரண்டு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியங்களில் முதல் காரியம் அதுதான்.

முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் யாரும் பேசவில்லை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் குறுகி உட்கார்ந்து, "சார் சொன்னா சரிதான்" என்பார்கள். அதே பெண்கள் தெருக்குழாயில் குடம் வைத்துவிட்டு நிற்கும்போது பள்ளியைப் பற்றி எவ்வளவோ பேசுவார்கள். அதனால் கூட்டத்துக்கு முந்தின நாள் குழாயடிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் ஒருத்தி சொன்னாள், "எம்பொண்ணு தண்ணி பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டாருதுக்கா." பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். வீட்டுக்கு வந்து மகளின் பையைத் திறந்தேன். பாட்டில் கழுத்துவரை தண்ணீர்.

மறுநாள் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு கதவு. ஒன்றில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை. இன்னொன்றில் கயிறு கட்டியிருந்தது, கட்ட எதிரே கொக்கி இல்லை. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். துணைக்கு ஆள் கிடைக்காத பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. என் மகள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிள்ளைகள் எண்ணிக்கை 100-ஐத் தாண்டி 250-க்குள் இருந்தால் வருடத்துக்கு 50,000 ரூபாய் பள்ளி மானியம், அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தத்துக்கு என்று வட்டார வள மையப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கு அது 5,000. கூட்டத்தில் கேட்டேன். "பணம் இன்னும் வரலைம்மா, வந்ததும் பார்ப்போம்" என்றார் தலைமையாசிரியர். பொய் சொல்கிறவர் இல்லை அவர். எழுத்தர் வேலை, பாடம் எடுப்பது, மேலதிகாரிக்குப் பதில் எழுதுவது எல்லாம் ஒரே ஆளாகப் பார்க்கிறவர். ஆனால் "பார்ப்போம்" என்பது நோட்டில் ஏறாத சொல்.

அன்று எழுதச் சொன்னேன். எந்தக் கதவு, என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். "நடவடிக்கை எடுக்க முடிவு செய்யப்பட்டது" என்று எழுதினால் அது யாருடைய வேலையும் இல்லை. பெயர் எழுதுகிறேன் என்றதும் வார்டு உறுப்பினர் குழாயைத் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார். தச்சு வேலை செய்யும் அப்பா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து தாழ்ப்பாள் போட்டார். பணம் பிறகு வந்தது. எங்களில் நாலு பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எழுதியதைச் சத்தமாகப் படித்த பிறகே கையெழுத்து என்று வைத்துக்கொண்டோம். நேரம் பிடிக்கும். சார் முதலில் சங்கடப்பட்டார், பிறகு அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் நடந்துவிடவில்லை. கணக்கு ஆசிரியர் இடம் காலி என்று ஏழு தீர்மானம் போட்டோம், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு நடந்தோம். என் மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை அந்த இடம் காலிதான். எங்கள் கைக்கு எட்டாதது அது என்று தெரிந்தும், அதற்கான தீர்மானத்தை ஒரு மாதம்கூட நான் விடவில்லை. விட்டால் குறையே இல்லை என்று ஆகிவிடும்.

2024-இல் மகள் பள்ளியை விட்டுப் போனதும் நானும் விலக வேண்டியதாயிற்று. என்னை எதிர்த்து நின்ற அந்த அக்காவின் பையன் ஐந்தாம் வகுப்பு. அவர் தலைவரானார். முதல் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொன்னார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முடிந்ததும் சார் பழக்கத்தில் நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார்.

"ஒருக்கா படிச்சிருங்க சார்" என்றார் அக்கா.

சார் கண்ணாடியை மாட்டினார். முதல் தீர்மானம் கணக்கு ஆசிரியர்.