ஓதம் ஏறிய சுவர்



அத்தா மௌத்தாகி, அம்மாவின் இத்தாவும் முடிந்த பின்னர், இராசிபுரத்து வீட்டை விற்றுவிடுவதெனக் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்தோம். அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் சகோதரர்கள் எங்கள் இருவருக்கும் இரண்டிரண்டு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு. ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் ஷுஃப்ஆ என்னும் முன்னுரிமை உண்டு என்பதால் முதலில் பக்கத்து வீட்டாரிடமே கேட்டோம். அவர்களுக்கு அப்போது வசதிப்படவில்லை.

பிறகு வீட்டைப் பிறர் பார்க்கத்தக்கதாக ஆக்கும் வேலை தொடங்கியது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்தோம். பரணிலிருந்த பழம்பாய்களும் உடைந்த மிதிவண்டியும் வெளியேறின. கூடத்தை அடைத்திருந்த மர அலமாரியை அகற்றியதும், நாற்பது ஆண்டுகளாக நாங்கள் புழங்கிய கூடம் இத்தனை பெரிதா என்று எங்களுக்கே வியப்பாக இருந்தது. குழாய்களில் படிந்திருந்த உப்புக் கறையை அம்மா புளி கொண்டு தேய்த்துப் போக்கினார். இவற்றிலெல்லாம் எங்களுக்கு எவ்விதத் தயக்கமும் எழவில்லை.

தயக்கம் வடக்குச் சுவரிடம் வந்தது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அதில் ஓதம். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய சுவர்களில் மண்ணின் நீர் செங்கல் வழியே மேலேறும். நீர் காய்ந்ததும் அதிலுள்ள உப்பு பூத்துப் பூச்சைப் பொரியச் செய்யும். பங்குனி வெயிலில் அது அடங்கிக் கிடந்தது.

“ரெண்டு கை பட்டி பாத்து எமல்ஷன் அடிச்சுட்டா ஐப்பசி மழை வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க பாய். அதுக்குள்ள கிரயம் முடிஞ்சிரும்” என்றார் வர்ணம் பூச வந்தவர். எங்களுக்கு நன்மை செய்வதாகவே அவர் எண்ணினார்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அம்மா அந்த ஹதீஸை நினைவூட்டினார். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கூறியதாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. நாட்டின் சட்டமும் இதற்கு மாறானதன்று. விற்பவர் அறிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு.

ஆனால் குறைவது எங்கள் பங்கு மட்டுமன்றே! அக்கா தம் மகளின் நிக்காஹ்வுக்கு இந்தப் பணத்தையே நம்பியிருந்தார். அவருடைய பணத்தைக் கொண்டு நாங்கள் நேர்மையாளர்களாவது முறையா? நாமக்கல்லுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம்.

“எனக்குக் குறையுமேன்னு நீங்க மறைச்சா, அந்தக் காசுல நான் எப்படிடா பிள்ளைக்கு நகை வாங்குறது?” என்றார்.

மற்றச் சுவர்களுக்கெல்லாம் வர்ணம் பூசினோம். வடக்குச் சுவரை மட்டும் மூன்றடிக்குச் செங்கல் தெரியும்வரை சுரண்டி அப்படியே விட்டோம். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். முதலில் வந்த இரு குடும்பத்தார் அதைப் பார்த்ததும் திரும்பிவிட்டனர். மூன்றாமவர் ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். கொத்தனார் செங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கடப்பைக்கல் பதித்தால் மறைந்துவிடும் என்று சொல்லாமல், அடிச்சுவரைத் துண்டு துண்டாகப் பிரித்து ஈரத்தடுப்பு இட வேண்டும் என்றார். ஆழ்துளைக் கிணறு சித்திரையில் வற்றிவிடும் என்பதையும் நாங்களே சொன்னோம். நாங்கள் எண்ணியிருந்ததைவிட ஒன்றரை இலட்சம் குறைவாக விலை படிந்தது.

முன்பணம் பெற்ற மாலையில் அக்காவுக்குத் தொகையைச் சொன்னோம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

பிறகு, “கொல்லையில இருக்கிற முருங்கையைச் சொன்னீங்களா? மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி அப்புமே” என்று கேட்டார்.