அம்மா போய்வந்த கலியாணம்

சென்ற ஆண்டு வைகாசியில் கும்பகோணத்தில் என் சித்தி மகளுக்குத் திருமணம். "நீயும் அப்பாவும் சேர்ந்தே போய் வாருங்கள். ஒரு வாரந்தானே? தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி பிறந்த 20 ஆண்டுகளில் அவர்கள் இருவரும் ஒன்றாக ரயில் ஏறியதே இல்லை. ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் தில்லியில் இருக்கவேண்டும். அது எங்கள் வீட்டின் எழுதாத சட்டம்.

தம்பிக்கு மூளை முடக்குவாதம். அறிவு வளர்ச்சியும் குறைவு. பலர் இதை இளம்பிள்ளை வாதம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது கிருமியால் வருவது. இதுவோ, வளரும் மூளைக்குப் பிறப்பை ஒட்டி நேர்ந்த ஊறு. அந்த ஊறு நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆனால் உடல் பெருகுகிறது. நான்கு வயதில் 12 கிலோ இருந்தவன் இன்று 46 கிலோ. அன்று 30 வயதாயிருந்த அம்மாவுக்கும் இன்று 46. பளு ஏறுகிறது, தூக்கும் வலிமை இறங்குகிறது. பௌதிகம் படிக்கும் எனக்கு இந்தக் கணக்கு இத்தனை நாள் தோன்றாமற் போனது விந்தைதான்.

அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். தலையைச் சற்று முன்சாய்த்துப் பிடித்துச் சிறு சிறு கவளமாக ஊட்டவேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். ஒரு வேளைச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம். இரவில் இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும். மூன்றாம் நாள் இரவு அவன் வாய் திறக்க மறுத்தான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓங்கிக் கத்தினேன். அவன் அழவில்லை. வாயிற்கதவைப் பார்த்து "ம்மா" என்றான். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை. மூன்றே நாளில் நான் தோற்றுப்போனேன். அம்மாவுக்கு 20 ஆண்டுகள்!

மறுநாள் விடுதி நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "நீங்க கொஞ்சம் படுங்க. நான் இவன்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்" என்றார். இரண்டு மணி நேரம் குற்றாலத்துக் குரங்குகளின் அட்டகாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தம்பியின் சிரிப்பொலி கேட்டுத்தான் நான் கண் விழித்தேன். அவனுக்குப் புரிவது வீட்டுத் தமிழ் ஒன்றே. தில்லியில் கூலிக்கு ஆள் கிடைக்கும்; அவனோடு தமிழில் பேச யார் கிடைப்பார்?

சட்டமும் அரசாணையும் இல்லாமலில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தவுடன், பெற்றோர் சட்டப்படி தாமாகவே காப்பாளராக நீடிப்பதில்லை. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு, 1999 ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரியைக் கொண்ட உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. தம்பி பெயரிலிருந்த சேமிப்பை எடுக்க முடியாது என்று ஒரு வங்கியில் திருப்பி அனுப்பியபோதுதான் இதை அறிந்தோம். ஊனமுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்களிக்கலாம் என்ற ஆணை 2014 ஜூன் மாதம் வந்தது. அதற்கு முன்பே என் தகப்பனார் இடமாற்றத்துக்கு அஞ்சி ஒரு பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தார். 2016 ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டமோ, 'பராமரிப்பவர்' என்ற சொல்லில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்கிறது.

இத்துறையில் வழிகாட்டிய பலர் பெற்றோர்களே. 1972 இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கிய மிது அலூரும், 1985 இல் சென்னையில் இன்றைய வித்யாசாகரைத் தொடங்கிய பூனம் நடராஜனும் இத்தகைய பிள்ளைகளைப் பெற்ற தாய்மார். ஆனால் எல்லாத் தாயும் நிறுவனம் தொடங்க முடியுமா? பெரும்பாலோருக்கு வேண்டுவது சில மணி நேர ஓய்வு. "நீங்கள் பொறுமைக்கே பூமாதேவி" என்று என் அம்மாவைப் புகழாத உறவினர் இல்லை. பூமாதேவிக்கும் முதுகு வலிக்கும் என்பதை யாரும் எண்ணுவதில்லை!

ஏழாம் நாள் காலை அம்மா திரும்பி வந்தார். கலியாணம் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும். ரயிலில் ராத்திரி முழுக்கத் தூங்கினேன்டா! ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை" என்றார். கலியாணத்தைவிட அதுதான் அவருக்குப் பெரிய செய்தி.

அடுத்த ஆண்டு நான் ஆராய்ச்சிக்காக வெளியூர் செல்ல நேரலாம். "போய்ப் படி" என்கிறார் அம்மா. "எங்களுக்குப் பிறகு இவன்?" என்பதை மட்டும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. ஆனால் சிறிய கேள்வி ஒன்றுக்கு விடை நம் சங்கத்திடமே இருக்கிறது. இந்நகரில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் வேறு இல்லாமலா இருக்கும்? மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், இருவர் சேர்ந்து போனால் போதும். ஊட்டவோ தூக்கவோ வேண்டாம். அது பழகியவர் வேலை. அருகிலிருந்து தமிழில் பேசுங்கள். அதற்குள் ஒரு தாய் சற்றுத் தூங்கி எழுவாள்.

முதல் ஞாயிறு எங்கள் வீட்டிலேயே ஆகட்டும். குற்றாலத்துக் குரங்குகள் இன்னும் எப்போது வரும் என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான்.