ஏரி சுத்தட்டும், பெரியப்பா வேண்டாம்

தொண்ணூறுகள்ல எடுத்த கல்யாண கேசட்டை டிவிடியா மாத்தி வெச்சிருக்கீங்களா? ஒருதடவை போட்டுப் பாருங்க. ஹார்ட்டின் வடிவத்துக்குள்ள பொண்ணும் மாப்பிள்ளையும் சிரிப்பாங்க, பின்னாடி அருவி கொட்டிக்கிட்டே இருக்கும். கல்யாணம் நடந்தது என்னவோ அம்பத்தூர்ல! உத்துப் பார்த்தா, சில செகண்டுக்கு ஒருதடவை அந்த அருவி 'டக்'னு ஒரு குதி குதிக்கும். குட்டியூண்டு கிளிப்பைத் திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்காங்கன்னு அர்த்தம். இதுக்குப் பேர்தான் லூப்.

இது நம்ம ஊரு வீடியோக்காரங்க மட்டும் பண்ற வேலை இல்லீங்க. 1960-ல வந்த பிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன்ல, வீட்டுக்குள்ள ஓடுறவர் பின்னாடி அதே ஜன்னல் திரும்பத் திரும்ப வரும். வரையுற செலவு மிச்சம்!

சரி, மேட்டருக்கு வர்றேன். எங்க பெரியப்பாவோட முதல் வருஷ திதிக்கு ஒரு வீடியோ பண்ணித் தரச் சொன்னார் ஆவடி அண்ணன். கையில இருந்தது கொஞ்சம் போட்டோ, 1994-ல நடந்த அக்கா கல்யாண கேசட் ஒண்ணு. அதுல பெரியப்பா பன்னீர் சொம்போட நின்னு, "வாங்க வாங்க"ன்னு கையாட்டி சிரிக்கிறார். மொத்தம் 9 செகண்ட். நம்ம ஊரு பால் முறையில செகண்டுக்கு 25 ஃப்ரேம். ஆக, அசையுற பெரியப்பா எங்ககிட்ட 225 ஃப்ரேம்தான்.

கேசட் படம் 4:3. இப்போ இருக்கிற டிவி 16:9. அப்படியே போட்டா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. இழுத்து நிரப்பினா பெரியப்பா குண்டாயிடுவார். அதனால அடியில ஒரு பின்னணி லேயர், அதுக்கு மேல படம், அதுக்கும் மேல எழுத்து. பழைய விண்டோஸ் மூவி மேக்கர்ல வீடியோவுக்கு ஒரே டிராக்தான், இதுக்கெல்லாம் வழியில்லை. இப்போ ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ்னு காசில்லாமலே கிடைக்குது, எத்தனை டிராக் வேணும்னாலும் அடுக்கிக்கலாம்.

பின்னணிக்கு சுவிட்சர்லாந்து வேண்டாம்னு பருத்திப்பட்டு ஏரிக்குக் காலையில போய், டிரைபாட் போட்டு எடுத்தேன். அதுல 40 செகண்ட் தேறிச்சு. லூப் பண்றப்போ குதிக்காம இருக்க ஒரு வழி சொல்றேன், குறிச்சு வெச்சுக்கோங்க.

கிளிப்பை நட்டநடுவுல, 20-வது செகண்ட்ல வெட்டுங்க. பின்பாதியை முன்னாடியும் முன்பாதியைப் பின்னாடியும் மாத்திப் போடுங்க. ரெண்டும் சேர்ற இடத்துல 2 செகண்ட் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி டிசால்வ் கொடுங்க. இப்போ 38 செகண்ட் இருக்கும். இதோட கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் நீங்க வெட்டின அதே இடம், அதனால ஒட்டு தெரியாது. பத்து தடவை அடுக்கினா 6 நிமிஷம் 20 செகண்ட் ஆச்சு.

முன்னாடி ஓட விட்டு, அப்படியே ரிவர்ஸ்ல ஓட விடுற வழியும் இருக்கு. இலை, திரைச்சீலைக்கு சரி. ஊதுவத்திப் புகைக்கு வேண்டாம், புகை திரும்பி வத்திக்குள்ளயே போகும்! இன்னொண்ணு, பின்னணியில 'சம்பவம்' எதுவும் இருக்கக் கூடாது. ஒரு காக்கா பறந்தாப் போச்சு, பத்து தடவையும் அதே காக்கா அதே வேகத்துல பறக்கும். பாக்குறவங்க காக்காவைத்தான் எண்ணுவாங்க.

இவ்வளவும் பார்த்த அண்ணன் கேட்டார்: "டேய், ஏரியை இப்படி சுத்த விடுறியே, அப்பாவோட அந்த ஒம்போது செகண்டையும் சுத்த விடேன். ஒரு நிமிஷமாவது பார்ப்போமே."

எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. ஒட்டு தெரியாம செய்ய முடியும்தான். போட்டும் காட்டினேன். முதல் தடவை பெரியப்பா கூப்பிட்டார். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டார். மூணாவது தடவை கூப்பிட்டது பெரியப்பா இல்லை, ஜவுளிக்கடை வாசல்ல கும்பிடுற பொம்மை. அண்ணனே "நிறுத்துடா"ன்னுட்டார்.

தண்ணிக்கு நேத்து அலை, இன்னைக்கு அலைன்னு வித்தியாசம் கிடையாது. அதனால அதைச் சுத்த விட்டா பொய்யாத் தெரியாது. மனுஷன் ஒருதடவை கையாட்டினது அந்த ஒருதடவைக்குத்தான்.

கடைசியில 9 செகண்டை அதே வேகத்துல ஒரே ஒருதடவைதான் வெச்சோம். முன்னாடியும் பின்னாடியும் ஏரி மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். திதி அன்னைக்கு அந்த இடம் வந்ததும் பெரியம்மா, "சத்தம் போடாதீங்க, அவர் கூப்பிடுறார்"னாங்க. கூடத்துல ஒரு சத்தம் இல்லை.

ஏரியை எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாங்க. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுப் பெரியவங்க காபி குடிக்கிறப்போ, பேப்பர் படிக்கிறப்போ, போனை எங்கேயாவது சாய்ச்சு வெச்சுப் பத்து நிமிஷம் ஓட விடுங்க. "எதுக்குடா இதெல்லாம்"னு திட்டுவாங்க. அதையும் சேர்த்தே எடுங்க.