கறுத்த இலையின் சுவை

ஆலங்குடாவில் வாங்கிய யாழ்ப்பாணச் சுருட்டொன்றை ஒருநாள் பற்றவைத்தேன். மேலே சுற்றிய இலை நன்கு கறுத்தது. முதலில் தொண்டையைத் தாக்கும் காரம். பின்னர் நாவில் மெல்லிய இனிப்பு. முடிவில் புகைக் கசப்பு. சுவைஞர் இவற்றை இலையின் குணம் என்பர். எனக்கோ அவை உழைப்பின் குணமாகவே தோன்றுகின்றன. பச்சை இலையில் இக்கருமையும் இல்லை, இவ்வினிமையும் இல்லை. பொச்சுமட்டைப் புகையில் வாட்டி, கோடா தெளித்து, அடுக்கிப் பதப்படுத்திய கைகளே இவற்றைத் தந்தன. தோட்டத்தில் ஈர இலையைத் தொடும் கையினூடே நிக்கொற்றின் உடலிற் புகுந்து தலைச்சுற்றும் வாந்தியும் தருகிறது. அந்தக் கசப்பு எந்தத் தரப்பட்டியலிலும் இல்லை.

உலகம் வியக்கும் கியூபாச் சுருட்டின் கதையும் இதுவே. ஆயினும் அங்கே சுற்றுவோர் வெறுங் கைகளாக இருக்க மறுத்தனர். 1865இல் ஹவானாவின் எல் பிகாரோ ஆலைத் தொழிலாளர் தம் கூலியிற் பங்கிட்டு, வேலை நேரத்தில் உரக்க வாசிக்க ஒருவரை அமர்த்தினர். அஞ்சிய ஸ்பானிய ஆட்சி அடுத்த ஆண்டே அதனைத் தடைசெய்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை படிக்க, ஏனையோர் சுற்றியவாறே கேட்டனர்; அரசியலும் இலக்கியமும் விவாதித்தனர். பள்ளிக்கூடம் தராத கல்வியை அவர்கள் தாமே தேடிக்கொண்டனர்.

புகை உடலைக் கெடுக்கும். அதனை மாணவர்க்குப் புகழ்ந்துரையேன். அந்தக் கொட்டில்களின் வாசிப்பையோ வகுப்புதோறும் சொல்வேன்.